ஏழு கிலோ

கச்சான் மூட்டை நிறுக்கிற தூக்குத் தராசைக்
கழுவித் துடைத்து
முற்றத்து வேம்பில் கட்டியிருக்கிறார் கேதீஸ்.
ஆளுக்கு ஒரு பை. ஏழு கிலோ.
கையோடு கொண்டு ஏறவேண்டும், அவ்வளவுதான்.
பிளேனின் வயிற்றுக்குள் போடுவதென்றால் தனிக் காசு.
அந்தக் காசுக்குச் சென்னையில்
இன்னும் மூன்று தரம் ராட்டினம் ஏறலாம் என்கிறாள் பானுசா,
கணக்கில் எண்பத்தொன்பது எடுத்தவள்.

கம்சிகனின் பை ஒன்பது கிலோ முந்நூறு.
திறந்தால்
காற்றுப் போன வாத்து மிதவை,
அதற்குக் காற்றடிக்கச் சைக்கிள் பம்பு,
ஒரு போத்தல் நெல்லிரசம்,
நாயின் சங்கிலி.
"நாய் வராதேடா."
"நாய் வராது. சங்கிலியாவது வரட்டும்."

என்னுடையதில் நாலு சேலை இருந்தது.
தண்ணீர்ச் சறுக்கலில் சேலையோடு ஏற விடமாட்டார்களாம்.
முழங்கால் வரைக்கும் ஒரு நைலோன் உடுப்பு
கிளிநொச்சிக் கடையில் வாங்கிவந்து
கதவைப் பூட்டி இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.
நூற்றெழுபது கிராம்.
வெட்கத்துக்குத் தராசில் கோடு இல்லை.

உடுப்பை மடிக்காதே, சுருட்டு.
சுருட்டியதைச் சப்பாத்துக்குள் செருகு.
சவர்க்காரம் பாதி போதும்.
நாலு பேருக்கு இரண்டு துவாய்.
பாரமான சப்பாத்தைக் காலில் போடு,
பாரமான சட்டையை உடம்பில் போடு,
உடம்பை ஒருவரும் நிறுப்பதில்லை.
"அம்மா, இதெல்லாம் எங்க பழகினீங்கள்?"
"யூடியூப்பில."

பதினாலு வயதில்
ஒன்றுக்குமேல் ஒன்றாய் மூன்று சட்டை போட்டு
விசுவமடுவிலிருந்து இதே றோட்டால்
கிழக்கே நடந்தேன்.
அதைச் சொல்ல இன்றைக்கு நேரமில்லை.
பிக்கப் விடிய நாலரைக்கு.

கடைசியாய்க் கேதீஸின் பை.
இரண்டு சாரம், இரண்டு சேட், ஒரு காற்சட்டை, சவர செட்,
பிள்ளைகளுக்கென்று மிக்சர்.
எப்படி வரும் எட்டு கிலோ இருநூறு?
அடியில் கை விட்டேன்.
நீலக் கோப்பு.
காணிப் பெர்மிட், கலியாண எழுத்து,
பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம்,
லாண்ட்மாஸ்ரர் புத்தகம்,
முகாமில் தந்த நிவாரண மட்டைகூட.
பொலித்தீனுக்குமேல் பொலித்தீன் சுற்றி
வாய் உருக்கி ஒட்டியிருந்தது.

"இஞ்சாருங்கோ, இது என்னத்துக்கு?"
"எதுக்கும் இருக்கட்டும்."
"நாலே நாள். திங்கட்கிழமை வந்திடுவம்."
அவர் தராசின் முள்ளைப் பார்த்தபடி நின்றார்.
"அண்டைக்கும் நாலு நாள் எண்டுதான் சொன்னவை."

எனக்கு மறுமொழி வரவில்லை.
பானுசாதான் போனை நீட்டினாள்:
"அப்பா, ரிட்டன் ரிக்கற் போட்டிருக்கு.
பாருங்கோ, உங்களுக்கு யன்னல் சீட்."
அவர் அதை வாங்கி
பெயரை எழுத்தெழுத்தாய் வாசித்தார்.
பிறகு கோப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.
அலுமாரி திறந்து பூட்டிய சத்தம் கேட்டது.
திரும்ப ஒருதரம் திறந்த சத்தமும்.

விடிய, பிக்கப் மேற்கே திரும்பியது.
வேம்பில் தராசு ஆடிக்கொண்டிருந்தது,
கொளுக்கியில் நாயின் சங்கிலியோடு.

பலாலியில் வரிசை.
கேதீஸின் பையைத் தூக்கி வைத்த பெடியன்
"ஆறு எண்ணூறு, நல்ல லேசு அண்ணை" என்றான்.
கேதீஸ் சிரித்தார்.
சிரிக்கும்போதும் ஒரு கை வயிற்றைப் பிடித்திருந்தது.
இந்த வெக்கைக்குள்
சேட்டுக்குமேல் சேட்டு ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.
கம்சிகன் என் காதோடு கேட்டான்:
"அம்மா, அப்பாவின்ர வண்டி ஏன் சதுரமா இருக்கு?"

சும்மா இரடா என்றேன்.
கொஞ்ச நேரம் இருந்தான்.
பிறகு மற்றக் காதில் வந்து கேட்டான்:
"அப்ப, தண்ணீர்ச் சறுக்கலுக்கு
அப்பா எப்படி வருவார்?"