இரண்டாம் பாகத்தில் மருமகள்

முதல் பாகத்தில் நான் பிடுங்கியது ஒரேயொரு தட்டு.
நீல விளிம்பு, ஓரத்தில் எனாமல் உதிர்ந்தது.
ஆறு வருடமாகிறது.
பாடாங் செராய் இரவுச் சந்தையில்
அப்பம் பாலிக் அக்கா இன்னமும்
கடைசியாகத்தான் எனக்குச் சுட்டுத் தருகிறாள்.
மோட்டாரை நிறுத்தி ஒருவர் கேட்டார்:
"கெழவி சோத்துல கைவெச்சவ நீதானே?"
ஆமாம் என்றேன்.
அதற்கு நூற்றைம்பது வெள்ளி கொடுத்தார்கள்
என்பதைச் சொல்லவில்லை.

இப்போது இரண்டாம் பாகம்.
மூத்த மகனாக வந்தவன் சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறான்,
லீவு இல்லை.
"செத்துட்டான்னு வசனத்துல சொல்லிக்கலாம்"
என்றார் டைரக்டர் மணிசேகரன்.
பேரனுக்கு மீசை.
லயம் இடித்தாகிவிட்டது, அதனால்
ஆயாக்கொட்டகைக்குத் தகரம் அடித்து வீடாக்கியிருக்கிறார்கள்.
பின்னால் செம்பனை தெரிந்துவிடக் கூடாது,
கதையில் அது பால்மரக் காடு.

தனபாக்கியம்மா தலையில்
அன்றைக்கு முகப்பவுடர் கொட்டி நரைக்க வைத்தோம்.
இன்று மேக்கப் பெண்ணுக்கு வேலையில்லை,
கதவோரம் உட்கார்ந்து போனைத் தேய்க்கிறாள்.
தனபாக்கியம் என்றால் அம்மா திரும்புவதில்லை.
வீராயி என்று படத்துப் பேரைச் சொன்னால்
"என்னாடா" என்கிறாள்.
ஈப்போவிலிருந்து விடியுமுன்னே காரோட்டி வந்த மகள்
மாத்திரை டப்பாவோடு வெயிலில் நிற்கிறாள்.
அவளைக் காட்டி அம்மா கேட்டாள்:
"இந்தப் புள்ள எந்த சீன்ல வருது?"

என்னை மட்டும் தெரிகிறது.
பார்த்ததும் தட்டை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.
அது மதியச் சாப்பாட்டு நேரம், கேமரா ஓடவில்லை.
நாசி லெமாக் சம்பல் புடவையெல்லாம்.
சிரித்தார்கள். நானும் கொஞ்சம்.

கதைப்படி நான் திருந்திவிட்டேன்.
காலில் விழ வேண்டும், அழ வேண்டும்,
"எந்திரிம்மா, எல்லாம் மறந்துட்டேன்" என்று
அவள் சொல்ல வேண்டும்.
எட்டு டேக்.
நான் தொடப்போகும்போதெல்லாம்
காலைப் பின்னால் இழுத்துக்கொள்கிறாள்.
சேலைக்கு வெளியே கட்டைவிரல் நகம்,
யாரோ பாதி வெட்டி விட்டிருந்தார்கள்.
ஒன்பதாவதில், யாரும் எழுதாததைச் சொன்னாள்:
"சோறு இல்லன்னா இல்லன்னு சொல்லு.
புடுங்காத."

கட் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை.
அப்புறம், மெதுவாக,
"நல்லா வந்திருக்கு. வெச்சுக்கலாம்."
மகள் நடந்துவந்து கேமராவுக்கு முன்னால் நின்றாள்.
"வெக்கக் கூடாது."
"ஜனங்க அழுவாங்கம்மா."
"அதான் சொல்றேன், வெக்கக் கூடாது."

அவர்கள் பேசிக்கொண்டிருக்க
கிளிசரின் முகத்தோடு பஸ் ஏறினேன்.
பத்து மணிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட்.
அச்சில் தலைகீழாகக் கைகள் வரும்,
பாலில் முங்கி, சொட்டி, காய்ந்து,
விரல் விரித்தபடியே வரும்.
ஒன்றிலும் எதுவும் இருக்காது.
கிழிசல் உண்டா என்று ஊதிப் பார்ப்பது என் வேலை.

நாளைக்கு மிச்ச சீன் உண்டா,
செய்தி ஒன்றும் வரவில்லை.
விடிகாலை ஓய்வறையில் போன் அடித்தது.
ஆர்ட் ஆள். கோபமாக.
தட்டைக் காணோமாம், கன்டினியூட்டி போய்விடுமாம்,
நீ பார்த்தியா என்றான்.

லாக்கரில், என் மாற்றுத் துணிக்கு அடியில்,
சம்பல் காய்ந்த விளிம்போடு இருக்கிறது.
பார்க்கலை என்றேன்.