வெங்காயச் சருகு நிறம்

இகேஜா கணினிச் சந்தையில்
நுழையும்போதே கையைப் பிடித்து இழுப்பார்கள்.
பையில் ஒருத்தியின் கல்யாணம் கனத்தது:
நாலாயிரத்து இருநூறு படங்கள்.
பழைய கணினி ஒன்றைத் திறப்பதற்குள்
நான் பாத்திரம் கழுவி முடித்துவிடுவேன்.

ஒபியோராவின் கடை மாடியில்;
பாதிக் கடை படிக்கட்டிலேயே.
"விளையாட்டுக்கா, வேலைக்கா?"
"படத்துக்கு."
வானவில்லாய் விசிறி சுழலும் பெட்டியைத்தான்
முதலில் காட்டினான்.
திரைக்குப் பக்கத்தில் நிறம் சிந்தினால்
கண் பொய் சொல்லும், தம்பி.
கறுப்பில் ஒன்று எடு,
வலை உள்ளதாக.
ஹர்மட்டான் புழுதி சாவித்துவாரம் வழியாகவும் வரும்.

ராம் அறுபத்து நாலு.
விலையில் பேரம் உண்டு, அளவில் இல்லை.
எஸ்எஸ்டி இரண்டு:
ஒன்று வேலைக்கு, ஒன்று பயத்துக்கு.
யுபிஎஸ் முதலிலேயே எழுதிக்கொள்.
போன மாதம் கரெண்ட் போய்
மணப்பெண்ணின் ஒரு கன்னம் மட்டும்
மெருகேறி நின்றது.

கிராபிக்ஸ் கார்டை
இரு கையில் ஏந்தி வந்தான், குழந்தைபோல.
"லண்டனில் ஓடியது. ஆனால் புதுசு மாதிரி."
லண்டனில் ஓடிய சித்தப்பா மகன் எனக்கும் உண்டு.
திரும்பியவன் புதுசு மாதிரி இல்லை.

கூட்டினான்.
பூஜ்ஜியங்கள் காகித ஓரத்தைத் தொட்டன.
"திரை மட்டும்தான் பாக்கி,
அது எதுவானால் என்ன?"

பையிலிருந்து துணியை எடுத்தேன்.
ஒரு சாண் அளவு, வெங்காயச் சருகு நிறம்.
நவம்பரில் திருமதி அடெகோயா வீட்டு விசேஷத்தில்
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
இதே துணியில் வந்தார்கள்.
ஆல்பத்தில் எல்லோரும் பற்பசை நிறத்தில் இருந்தார்கள்.
அந்த அம்மாள் திட்டவில்லை.
விரித்த பக்கத்தின்மேல் இந்தத் துண்டை வைத்துவிட்டு
தேநீர் ஊற்றப் போனார்.
பாதிப் பணத்தை நானே மேசையில் வைத்தேன்.

கேமராவை எடுத்து
துணியையும், அதன்மேல் ஒபியோராவின் கையையும்
சன்னல் வெளிச்சத்தில் ஒரு படம்.
முதல் திரையில் துணி சிவந்தது,
அவன் கை சாம்பல் பூத்தது.
இரண்டாவதில் இரண்டுமே செங்கல்.
மூன்றாவது, தெரிந்தே மூலையில் வைத்திருந்தான்,
விலைச்சீட்டு சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது.
அதில் வெங்காயம் வெங்காயமாக இருந்தது.
கை, கட்டைவிரலடியில் ஈயம் சுட்ட தழும்போடு,
கையாக இருந்தது.
அவன் குனிந்து தன் கையைப் பார்த்தான்,
பிறகு திரையை,
பிறகு மறுபடி கையை.

லண்டன் கார்டை அடித்துவிடு.
சின்னது போதும்.
கொஞ்சம் காத்திருப்பேன்.
இப்போதும் காத்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

இரவு பத்தரைக்கு முதல் படம் திறந்தது,
ஒரு தட்டுகூடக் கழுவவில்லை நான்.
வாசலில் நிற்கும் பெண்,
நெற்றி வியர்வையில் மதிய வெயில்,
மழைக்குப்பின் மண் போல ஆழ்ந்த கன்னம்.
ஒரு பொத்தானையும் தொடத் தோன்றவில்லை.

அலைபேசி சிணுங்கியது. அவளேதான்:
"ஆன்ட்டி இபிரோன்கே,
முகத்தை மட்டும் ரெண்டு படி
வெளுப்பாக்கிடுங்க, ப்ளீஸ்."

துணித் துண்டைத் திரையோரம்
டேப் போட்டு ஒட்டினேன்.
"கரெண்ட் இல்லை, நாளைக்குப் பேசலாம்"
என்று பதில் அனுப்பினேன்.

கரெண்ட் இருந்தது.