வழி தவறி வந்தவற்றின் பேரேடு

மிசௌரியில், எங்கள் கவுண்டியில் புதுக் கோர்ட்டு கட்டியபோது
பழைய பேரேடுகளை எடைக்குப் போட்டார்கள்.
கோழித் தீவனம் வாங்கப் போன ஓர்ஃபா
ஒன்றை இருபது சென்ட்டுக்குத் தூக்கிவந்தாள்.
தோல் அட்டை. பன்றிக்குட்டி கனம்.

தாளை வீணாக்குவானேன்?
கோதுமை மாவில் பசை காய்ச்சினாள்.
ருபார்ப் பை செய்முறை, வெள்ளத்தின் படம்,
கறை போக்க வழிகள் நான்கு,
எவனோ ஒரு செனட்டரின் மீசை.
இண்டு இடுக்கில் பென்சிலால் முட்டைக் கணக்கு.
அடியில் வேறு எழுத்து இருந்தது
எங்களுக்குத் தெரியும்தான்,
தரைக்கு அடியில் மண் இருப்பது தெரிகிற மாதிரி.

போன மார்ச்சில்
டெல்ஃபீன் டாலிவர் வந்தாள். நர்ஸ்.
இரவுப் பணி முடித்து, கான்சாஸ் சிட்டியிலிருந்து நேரே.
சுட்டிப் பேரேடு மட்டும் கோர்ட்டில் மிஞ்சியிருக்கிறதாம்.
கையில் ஓர் எண்: பக்கம் 88.

88இல் லாட்டி இருந்தாள்.
ஓர்ஃபாவின் பெண். மூன்று வயது. தொண்டை அடைப்பான்.
படம் கிடையாது அவளுக்கு.
பத்திரிகையில் வந்த அந்த ஏழு வரிதான்.

கெட்டில் கொதித்தது.
நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.
சரி என்றும் சொல்லவில்லை.
டெல்ஃபீன் கத்தியை என் பக்கம் நீட்டினாள்:
"உங்கள் வீட்டுப் பிள்ளை. நீங்களே எடுங்கள்."

ஆவி பட்டதும்
நூறு வருடத்துப் பசை ரொட்டி வாசம் வீசியது.
மூலை எழுந்தது.
ஒரு வரி கிழிந்தது, அடக்கம் செய்த கிழமை.
இனி அது யாருக்கும் தெரியாது.

அடியில், பழுப்பு மையில்:
சிவப்புப் பசு ஒன்று.
இடக்காதில் வெட்டு, ஒற்றைக் கொம்பு.
மதிப்பு ஒன்பது டாலர்.
வேலி தாண்டி வந்ததைப் பிடித்துக் கட்டியவர்
ரான்ஸம் டாலிவர்.
நவம்பர் 1867.

அவள் இரண்டு முறை படித்தாள்.
பத்து வருடம் முந்திய வரிப் பேரேட்டில்
அவரைப் பார்த்திருக்கிறாள்.
கோவேறு கழுதைகளுக்கு அடுத்த வரி.
ரான்ஸம், பையன், நானூறு டாலர்.
டாலிவர் இல்லை.

"கொம்பைக்கூட விடாமல் சொல்லியிருக்கிறார்" என்றாள்.
சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

பசுவைத் தேடி எவரும் வரவில்லை.
ஓராண்டு கழித்து, வேறு மையில்:
உரிமை அவருக்கே.

லாட்டி தட்டில் காய்ந்துகொண்டிருந்தாள்.
பின்பக்கம் பூட்ஸ் விளம்பரம், பாதி விலை.
மாவு டப்பாவைத் தேடி எழுந்தேன்.
பழைய இடத்திலேயே ஒட்டிவிடலாம்,
இந்த முறை ஓர் ஓரத்துக்கு மட்டும் பசை தடவி.