பதிமூன்றின் வால்

டர்பன், ஆகஸ்ட்.
ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில்
கதவிடுக்கில் கறுப்புத் துணி திணித்து
இருட்டைக் கட்டி வைத்திருக்கிறேன்.
பாதரச விளக்கு சூடேறக் கால்மணி நேரம்.
தவறி அணைத்துவிட்டால், ஆறும்வரை
திரும்ப ஏற்றக் கூடாது, வெடிக்கும்.
நகம் கடித்துக்கொண்டு உட்காரலாம்.

சாயம் மஞ்சள். ஒரு காலத்தில்
மலேரியாவுக்கு விழுங்கிய கசப்பு மாத்திரையின் பங்காளி.
தகட்டை அதில் ஊறவிட்டு, கழுவி,
எண்ணெய்ச் சொட்டு வைத்துக் குனிந்தால்
நாற்பத்தாறும் எழுந்து நிற்கும்
வரிவரியாய்,
இரவில் கடற்கரை ஹோட்டல்களின் ஜன்னல்கள் போல.
அங்கே எனக்கு அனுமதி இல்லை.
தூரத்திலிருந்து எண்ணியிருக்கிறேன்.

ஏ-யும் டி-யும் நெருங்கிக் குடியிருக்கும் தெரு எரியும்.
ஜி-யும் சி-யும் மிகுந்தால் அணையும்.
இவ்வளவுதான் கணக்கு என்றார்கள்.
ஒரே சாயம் இங்கே வாய் திறந்து
அங்கே ஏன் ஊமையாகிறது என்பது
எனக்கு இன்னும் முழுக்க விளங்கவில்லை.

பார்க்கப் பார்க்க மங்கும், அது தெரியும்.
எங்கள் வீட்டில் இதற்குக் கண்ணேறு என்று பெயர்.
இங்கே மிளகாய் சுற்றிப் போட முடியாது.
ஷட்டரைத் திற, இருபது எண்ணு, மூடு.

சாட்ஸ்வொர்த்திலிருந்து இரண்டு குழாய் ரத்தம்.
சவுந்தரி படையாச்சி. லோகநாதன் படையாச்சி.
மூன்று கரு. ஒன்றும் மூன்றாம் மாதம் தாண்டவில்லை.
போன வருஷம் பழைய சாயத்தில் பார்த்தபோது
எல்லாம் ஒரே ஊதா, எரிந்த தீக்குச்சிகள் மாதிரி.
'இயல்பு' என்று நானே தட்டச்சு செய்தேன், இருவருக்கும்.
அந்தத் தாளை அவர்கள் வீட்டில் எப்படிப் படித்தார்களோ,
இந்த முறை நான் நரம்பு தேடும்போது
"என் பக்கந்தான் இருக்கும், நல்லாப் பாருங்க" என்றாள்.
அவன் மறுநாள் ஷூ ஃபாக்டரி ஷிஃப்ட் முடிந்து வந்து
முகத்தைத் திருப்பிக்கொண்டு கை நீட்டினான்.

அவளுடையதில் எல்லா வரியும் அதனதன் வீட்டில்.

இரண்டாம் தகடு.
பதிமூன்றில் ஒன்று குட்டை.
பளீரென்று எரியவேண்டிய அதன் வால்
ஐந்தின் நுனியில் போய் உட்கார்ந்திருக்கிறது.
ஐந்தின் மங்கல் துண்டு இங்கே.
எதுவும் குறையவில்லை, இடந்தான் மாறியிருக்கிறது.
ஆளுக்கு ஒரு கேடும் இல்லை;
பாகம் பிரிக்கும்போதுதான் தகராறு.

குழாய் மாறிவிட்டதோ? லேபிளில் என் கையெழுத்து.
கை நடுங்க மேடையை நகர்த்தினேன்.
குட்டிகளுக்கு நடுவே ஒய்.
அதன் கால்நுனிதான்
இந்தக் கண்ணாடியிலேயே மிகப் பிரகாசம்.
அவன்தான்.

ஏழு செல் படமெடுத்தேன்.
எட்டாவது கண்ணெதிரே அணைந்தது.

திங்கட்கிழமை டாக்டர் இருவரையும் உட்காரவைத்து
ஆங்கிலத்தில் சொல்வார். பிறகு என்னைக் கூப்பிடுவார்.
"உங்க பக்கம் இல்லம்மா" என்று சொல்லிப் பார்க்கிறேன்.
அந்த வாக்கியத்துக்குப் பின்னாலேயே
இன்னொன்று செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறது.

ஃபிலிம் டெவலப்பரில் இருக்கிறது.
வரிகள் ஒவ்வொன்றாய் வருகின்றன,
எரிந்ததெல்லாம் கறுப்பாக.