மூன்றும் ஐந்தும்

சித்தூர் தாண்டி, புத்தூர் சாலையில்
மாம்பழக் கூழ் ஆலை.
மாசி மாதம். பழமில்லை, லாரியில்லை.
புகைபிடிக்காதே என்று கேட்டில் இரண்டு மொழியில் பலகை,
இரண்டுக்கும் பொதுவாய்க் கீழே ஒரு பீடித்துண்டு.

விடிவதற்குள் வாயுவை இழுத்து ரிசீவரில் அடைத்தோம்.
மிச்சத்தைத் தண்ணீர் டிரம்மில் குமிழவிட்டோம்.
அப்படியும் மிச்சத்தின் மிச்சம் ஒன்று உள்ளே இருக்கும்.
முதல் நட்டைத் தளர்த்தியதும்
அது கண்ணைத்தான் முதலில் விசாரிக்கும்.
அம்மோனியாவுக்கு அழுகிறவனிடம்
யாரும் என்ன ஆச்சு என்று கேட்பதில்லை.

மோட்டார் சுவிட்சில் என் பூட்டு,
சாவி என் அரைஞாண் கயிற்றில்.
ஓபுலேசு சிரிப்பான். சிரிக்கட்டும்.
பத்து விரலோடு வீடு போவதும்
இந்த வேலையில் ஒரு சம்பளம்.

மூடியின் போல்ட்டுகளில் இரண்டு மட்டும் நீளம்.
உள்ளே அமுங்கிக் கிடக்கும் சுருள்வில்
மேலே தள்ளும் என்பதால்
அவற்றைக் கடைசிவரை விட்டுவைக்க வேண்டும்.
அவசரக்காரன் அவற்றில்தான் முதலில் கைவைப்பான்.
எனக்கு ஒரு பல் பாதிதான்.

வால்வு பிளேட்டை விரல்நுனியில் தொங்கவிட்டுச்
சுண்டிப் பார்த்தேன்.
நல்லது மணியாய்ப் பேசும்,
விரிசல் விட்டது தகரமாய் முனகும்.
நாலு பேசின, இரண்டு முனகின.
இது எல்லா வருஷமும் உள்ளதுதான்.

பிறகு கிராங்க் கேஸ் ஜன்னலில்
தோள்வரை கை.
அங்கே கண்ணுக்கு வேலையில்லை,
நட்டு எங்கே என்று விரல் தானே கண்டுபிடிக்கும்.
கீழே நான் விட, மேலே ஓபுலேசு இழுக்க,
ராடும் பிஸ்டனுமாய் ஒவ்வொன்றாக வந்தன,
எண்ணெய் சொட்டச் சொட்ட.
தரையில் விரித்த தெலுங்குப் பேப்பரில்
ஒரு நடிகையின் கல்யாணத்தின் மேல் ஒன்றும் இரண்டும்,
நிலத் தகராறின் மேல் மூன்று.

மூன்றில் பேரிங்கின் வெள்ளைப்பூச்சு வழிந்து
செம்பு தெரிந்தது,
தோலுரிந்த முழங்கால் மாதிரி.
ஐந்திலும் அதே.
மற்ற நாலும் பழுதில்லை, சாம்பல் நிறம்.

எண்ணெயைத் துடைத்தான் ஓபுலேசு.
ராடில் குத்திய எண் மூன்று.
அதன் மூடியில் ஐந்து.
ஐந்தாம் ராடின் மூடியில் மூன்று.

ராடையும் மூடியையும் ஒன்றாய்ப் பூட்டிக் கடைந்திருப்பார்கள்.
ஒன்றின் மூடி மற்றதில் உட்காரும்,
போல்ட்டும் ஏறும்,
யாருக்கும் எதுவும் தெரியாது.
மயிரிழை மட்டும் இடிக்கும்,
நிமிஷத்துக்கு எழுநூறு முறை.

"தட்டுதுன்னு நான் ரெண்டு சீசனா சொன்னேனே"
என்றான் ஆபரேட்டர் மஸ்தான்.
சொன்னான். போனில் என்னிடமும் சொன்னான்.
ஆயிலை மாத்து என்று வைத்துவிட்டேன்.

"எவரு சேசிந்தி இதி?"
ஓபுலேசு கேட்டான். கோபமில்லை,
மழை எப்போ நின்னுச்சு என்பது போலத்தான்.

இதற்குமுன் திறந்தது இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆனியில்.
கேட்டிலிருந்து கானாறுவரை நாற்பது லாரி,
பலகை இடுக்கில் ஒழுகும் பெங்களூரா சாறு, ஈ,
பத்து நிமிஷத்துக்கொருமுறை மேனேஜர்,
ஒற்றை பல்பு, அதுவும் என் முதுகுப்பக்கம்.
யார் மூடினார்கள் என்பது பதிவேட்டில் இருக்கிறது.
மஸ்தான் எடுத்து வந்தான்.
பக்கத்தைத் திருப்பினான், கையெழுத்தின் மேல் விரல் வைத்தான்.
தமிழில் இருந்தது.

அவனுக்குத் தமிழ் படிக்க வராது.
ஓபுலேசுக்கும் வராது.
மேனேஜர் நாயுடு பில்லில் தொகையை மட்டும் படிப்பார்.
அந்த ஷெட்டில், அந்தக் காலையில்,
அதைப் படிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான்.
நெடுமாறனின் கடைசி எழுத்துப் புள்ளியை
வட்டமாய்ச் சுழித்திருந்தான்,
சந்தோஷமாக இருந்திருப்பான் போல.

ரிசீவரின் வெளிப்புறத்தில் பனி உருகி
ஒரு சொட்டு விழுந்தது.
இன்னொன்று விழுவதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.
நாலைந்து விழுந்தன.

"நேனே" என்றேன்.

ஓபுலேசு பார்த்தான்.
"சரே" என்றான்.
கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டு
ஐந்தாம் மூடியை எடுத்து
மூன்றாம் ராடின் பக்கத்திலிருந்து
அதன் ராடின் பக்கத்தில் வைத்தான்.
நடிகையின் முகத்தில் எண்ணெய் வட்டம் பரவியது.

மஸ்தான் பதிவேட்டை மூடவில்லை.
தேய்மானம் என்ற கட்டத்தை நிரப்பினேன்.
காரணம் என்ற கட்டத்தில் பேனா எழுதவில்லை.
உதறினேன், சட்டையில் தெறித்தது.
மஸ்தான் தன் பேனாவைத் தந்தான்.

இன்னும் லைனர் ஆறும் அளக்கணும்.
ரிங்கை உள்ளே விட்டு இடைவெளி பார்க்கணும்.
பீலர் கேஜில் மெல்லிய தகடு எங்கேயோ விழுந்திருக்கிறது,
தேடிக்கொண்டிருக்கிறோம்.