யாரோ வாங்கிய உப்பு

சனிக்கிழமை பத்து மணிக்கு அவர்கள் கிளம்பிவிட வேண்டும்.
நாலு மணிக்கு அடுத்தவர்கள் வருவார்கள்.
நடுவில் ஆறு மணி நேரம்
இந்த வீடு என்னுடையது,
ஒரு வாளியோடும் பிளீச் வாசனையோடும்.

முன்பு இது இட்வலின் மாட்டுக் கொட்டில்.
இப்போது மாடியில் இரண்டு படுக்கையறை, கீழே விறகடுப்பு,
'நடு வேல்ஸ், சமையல் உங்கள் கையில்' என்று விளம்பரம்,
அதில் மூன்று இடத்தில் 'அமைதி'.
பழைய வடிகால் மட்டும்
தரைக்கல்லுக்கு அடியில் இன்னும் ஓடுகிறது.
மழை மாதங்களில்
மாடுகள் திரும்பி வந்துவிட்டதுபோல் மணக்கும்.
லாவெண்டர் தெளிக்கச் சொல்லியிருக்கிறார்.

போகிறவர்கள் விட்டுப்போவது:
அரை எலுமிச்சை, மூடி இறுகாத கடுகுச் சாந்து,
கட்டிலுக்கடியில் ஒரு காலுறை,
எப்போதும் ஒன்றுதான்.
உப்பை மட்டும் யாரும் ஊரிலிருந்து கொண்டுவருவதில்லை.
வந்த அன்றே கடைக்கு ஓடி வாங்கி,
நாலு சிட்டிகை போட்டுவிட்டு
அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.
அடுத்தவர்கள் பிறர் திறந்த உப்பைத் தொடுவதில்லை.
அவர்களும் ஒன்று வாங்குகிறார்கள்.
போன மாதம் எண்ணினேன்.
ஒன்பது டப்பா.

விருந்தினர் ஏட்டில்
'இங்கே நேரம் நின்றே போயிற்று' என்று எழுதுகிறார்கள்.
எனக்கு நாலு மணி ஒரு தடவைகூட நின்றதில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை
ஆறு பாலத்தின் மேல் ஏறிவிட்டது.
லெஸ்டரிலிருந்து வந்தவர்கள் அந்தப் பக்கம்.
அவர்கள் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.
என் வீடும் அந்தப் பக்கம்தான்.
'அங்கேயே படுத்துக்கொள், டெக்வென்,'
டவுனிலிருந்து இட்வல் போனில் சொன்னார்.
கொஞ்சம் பொறுத்து,
'படுக்கை விரிப்பைத்தான்...' என்று இழுத்தார்.
நான்தானே துவைக்கப்போகிறேன் என்றேன்.

பதினோரு வருஷம் விரித்த படுக்கை.
எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று தெரியவில்லை.
வெளிச்சத்தில் மட்டும் வந்துபோகிறவளுக்கு
எப்படித் தெரியும்?
வரவேற்புக் கூடையில் லெஸ்டர்காரர்களுக்கு வைத்த முட்டைகள்.
மூன்றை வேகவைத்தேன்.
ஒன்பதில் எதை எடுப்பது?
கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன்.

யார் வாங்கிய உப்பு இது?
தின்றதற்கு நான் யாரை நினைத்துக்கொள்ள?
ஒற்றைக் காலுறைக்காரரையா,
தேனிலவுக்கு வந்து
ஆளுக்கொரு அறையில் படுத்துவிட்டுப் போன அந்த இரண்டு பேரையா?
விரிப்புகள் எனக்குச் சொல்லிவிடும்.
நான் யாரிடமும் சொன்னதில்லை.

அமைதி என்று எதைச் சொல்கிறார்களோ.
கால் மணிக்கொரு தடவை பிரிட்ஜ் உறுமி அடங்குகிறது.
அடியில் வடிகால், வெளியே ஆறு,
இரண்டும் ஒரே தண்ணீர், வேறு வேறு குரல்.
இருட்டில் செம்மறி இருமினால்
அசல் மனுஷன் இருமுவதுபோலவே இருக்கிறது.
இரண்டு தடவை எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் பார்த்தேன்.

பிறகு தூங்கியிருக்கிறேன்.
எப்படி என்றால், ஒன்பது மணி வரை.
வீட்டில் என் இடம் சுவரோரம்.
இங்கே கட்டிலுக்குக் குறுக்கே கிடந்தேன்,
கால் ஒரு மூலை, தலை ஒரு மூலை.
க்ளின் ராத்திரி என்ன சாப்பிட்டிருப்பான் என்ற நினைப்பு
கெட்டில் கொதித்த பிறகுதான் வந்தது.
வந்ததும்கூட மெதுவாகத்தான் வந்தது.

மதியம் தண்ணீர் வடிந்தது.
விரிப்பை உரித்தேன். தலையணையில் ஒரு நரைமுடி,
மற்றவர்களுடையதை எடுப்பதுபோலவே
இரண்டு விரலால் எடுத்துப் போட்டேன்.
ஏட்டைத் திறந்து தேதி போட்டு
'மூன்றாம் படி கிறீச்சிடுகிறது' என்று எழுதினேன்.
வேறு எதை எழுதினாலும்
அவர்கள் எழுதியதுபோலவே இருந்திருக்கும்.
ஒரு உப்பு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டேன்.
வீட்டில் உப்பு இருக்கிறது.

பாலமெல்லாம் சேறு, ஒரு வேலிக்கட்டை, யாருடைய வாளியோ.
'நன்றாகத் தூங்கினாயா?' என்று கேட்டான் க்ளின்.
வடிகால் மணக்கிறது என்றேன்.