1014

கிளைப்பேடா துறைமுகம். பிப்ரவரி. காலை ஆறே முக்கால்.
வாய்க்காலில் பனித்தகடுகள்
ஒன்றின் தோளை ஒன்று உரசிப் போகின்றன.
மணல்வாரிக் கப்பலின் ஐமான்தாஸ்
தொப்பியைக் கழற்றாமலே கேட்கிறார்:
"நவம்பர் ஆழக்கணக்கு எங்கே?
புயலுக்கு முன் தரை எங்கிருந்தது என்று தெரியாமல்
எதைத் தோண்டுவேன்?"

வட்டு நேற்றுச் செத்தது.
செத்தால் சாகட்டும், நகல் இருக்கிறதே என்று
நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவன் நான்.
புதிய சேமிப்புப் பெட்டி வந்து பதினோரு மாதம்.
இரவு இரண்டு மணிக்கு ஒருநாள் தவறாமல்
"முடிந்தது" என்று பச்சையில் எழுதிற்று இயந்திரம்.
பச்சையை நம்பினேன்.

'வடக்கு வாயில்' கோப்புறையை மீட்டேன்.
பெயர் வந்தது. தேதி வந்தது.
திறந்தால்
துடைத்த தட்டு.

பதிவேட்டைப் பின்னோக்கிப் படிக்கிறேன்.
அனுமதி மறுக்கப்பட்டது.
அனுமதி மறுக்கப்பட்டது.
இரவுக்கு நாற்பத்தொரு தடவை,
கோபமில்லாமல், அலுப்பில்லாமல்.
அத்தனை புகாரும் போய்ச் சேர்ந்த அஞ்சல்பெட்டி
அவுஷ்ராவுடையது.
அவள் வேலையை விட்டு க்டான்ஸ்க் போனது
போன மார்ச்சில்.

பிழைத்த வட்டில் அதே வகைக் கோப்பொன்று.
சொந்தக்காரர்: 1014.
பெயரை நாங்கள் அழித்துவிட்டோம், எண் மிஞ்சியது.
படிக்க அந்த எண்ணுக்கு மட்டும் உரிமை.
அளவைப் படகின் கணினி
இன்னும் அவளாகவே எழுதிக்கொண்டிருக்கிறது.

தொலைபேசியில் அவள் சிரித்தாள்.
"எனக்கு ஒரு எண் இருந்ததா?
நவம்பரில் நான் அங்கே இல்லவே இல்லையே."
பார்த்தேயிராத நாற்பத்தொரு கோப்புகளுக்கு
அவள் ஒருத்திதான் உரிமையாளர்.

சரி, ஆனாலும் நகலெடுப்பவன் சர்வ வல்லவனாயிற்றே?
ஆம், எங்கள் இயந்திரத்தில்.
இங்கே எந்தப் பூட்டும் அவனைக் கேள்வி கேட்காது.
கம்பி வழியே போய் அடுத்த பெட்டியின் வாசலை மிதித்ததும்
கிரீடத்தை வாங்கி வைத்துக்கொண்டு
ஒரு சீட்டைக் கையில் கொடுக்கிறார்கள்.
அதில் எழுதியிருக்கும் பெயர்: யாருமில்லை.
கேலியல்ல, விதி. நாங்கள் போட்டதுகூட அல்ல,
பெட்டியோடு வந்தது.
யாருமில்லை வந்தான். கதவைத் தட்டினான்.
யாருமில்லை திரும்பிப் போனான்.

மூன்று ஏழுகளைத் தட்டினால் நொடியில் தீரும்:
எல்லாருக்கும் எல்லாம்.
கணக்குப்பிரிவின் விடூனாஸ் ஒருமுறை அப்படித் தீர்த்தார்;
மதியச் சூப் ஆறுவதற்குள்
கிரேன் ஓட்டிகளுக்கெல்லாம்
மேலாளரின் போனஸ் மனப்பாடம்.

ஆகவே, கண் கெட்ட பின்
பொறுமையாகச் சூரிய நமஸ்காரம் செய்கிறேன்.
நகலெடுக்க ஒரு தனிக் கணக்கு.
அதற்குப் படிக்க மட்டும் உரிமை, எழுதத் தடை.
இனிப் பிறக்கும் கோப்புகளுக்கும் அதே உரிமை
பரம்பரையாக இறங்கட்டும் என்று ஒரு கட்டளை.
ஓட்டிப் பார்த்தேன்.
படகின் கோப்புகள் மட்டும் மறுபடி மறுத்தன.
உரிமைப் பட்டியலில் பெயர் இருக்கிறது, கதவு திறக்கவில்லை.
ஒரு மணிநேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது முகமூடி:
எழுதும் மென்பொருள் பிறக்கும்போதே அதை இறுக்கிக் கட்டி
கொடுத்ததையெல்லாம் செல்லாததாக்குகிறது.
மென்பொருளின் ஒரு வரியைத் தளர்த்தினேன்.
காப்பி கட்டியாக உறைந்திருந்தது.

நவம்பர் வரவில்லை. அது வராது.
ஐமான்தாஸிடம் சொன்னேன்.
அவர் திட்டவில்லை, கையுறையை மாட்டிக்கொண்டார்.
பத்து மணிக்கு அளவைப் படகு
பனியை உடைத்துக்கொண்டு கிளம்பிற்று,
இன்றைய தரையையாவது தொட்டு வர.

இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்தேன்.
பச்சை வந்தது.
அதை அப்படியே விட்டுவிட்டு
நகலிலிருந்து ஒரு கோப்பை எடுத்து
வேறோர் இயந்திரத்தில் வைத்துத் திறந்தேன்.
முதல் வரி:
பதினான்கு மீட்டர் இருபது.
அடுத்த வரியையும் படித்தேன்.